மூவாயிரம் பிள்ளைகளுக்குள் ஒரு பிள்ளை

2016ஆம் ஆண்டு இலங்கையில் எடுத்த குடிசன சுகாதார ஆய்வு ஒரு கணக்கைச் சொன்னது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்துப் பார்த்தால் 32 வீதம். ஊவா மாகாணத்தின் பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை எங்கே போனாலும் பிள்ளைக் காம்பரா எனும் பகற்பராமரிப்பு நிலையத்தில் இருக்கிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. "மிஸ்ஸி, இவங்க அப்பாவும் கட்டைதான்" என்று தாய் சொல்வார். மருத்துவிச்சி மிஸ்ஸியும் கிளினிக் கொப்பியில் புள்ளியைக் குறித்துவிட்டு, திரிபோஷச் சத்துமாப் பக்கற் இரண்டைக் கொடுத்து அனுப்புவார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரியான மருந்துதான். இந்தக் கட்டுரை மிச்சமிருக்கும் அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பற்றியது. அவர்களைக் கண்டுபிடிக்கக்கூடிய டொக்டர் எங்கே, எப்படி உருவாகிறார் என்பதையும் பற்றியது.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். வளர்ச்சி ஓமோன் குறைபாடு நாலாயிரம் முதல் பத்தாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவது. நல்ல போசாக்குள்ள ஒரு சமூகத்தில் பத்தாயிரம் பிள்ளைகளை அளந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் உயரப் படத்திலுள்ள கீழ்க்கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 230 பேர் நிற்பார்கள். ஓமோன் குறைந்த ஓரிருவர் அதற்குள்தான் இருப்பார்கள், தேடினால் அகப்படுவார்கள். தோட்டப்புறத்தின் பத்தாயிரத்தில் அதே கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் 3,200 பேர். தேடவேண்டிய பிள்ளை அதே ஓரிருவர்தான், கூட்டம் மட்டும் பதினான்கு மடங்கு பெரிது. 3,200 பேரையும் கொழும்புக்கு அனுப்பி ஓமோன் சோதனை செய்ய எந்த நாட்டாலும் முடியாது. ஒருவரையும் அனுப்பாமல் விட்டால் அந்த ஓரிருவர் "அப்பாவும் கட்டைதான்" என்ற பதிலோடேயே வளர்ந்துவிடுவார்கள். வளர்ந்து என்று சொல்வதுகூடப் பிழை.

சோதனை செய்தால் மட்டும் விடை வந்துவிடுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. மூளையின் அடியில் கடலைப் பருப்பு அளவில் தொங்கும் கபச் சுரப்பி வளர்ச்சி ஓமோனை விடுகிறது. அந்த ஓமோன் ஈரலுக்குப் போய், ஐ.ஜி.எப்.-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. எலும்பின் முனைகளிலுள்ள வளர்தட்டுகளை நீட்டும் வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது ஆளுடையது. பசித்த உடம்பில் ஈரல் சொல் கேட்பதில்லை. மேலிருந்து ஓமோன் வந்துகொண்டே இருக்கும், ஐ.ஜி.எப்.-1 மட்டும் ஏறாது. 1966இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் பேர்னாட் பிம்ஸ்டன் குழுவினர், கடும் புரதக் குறைவோடு வந்த பிள்ளைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஓமோன் குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது என்று காட்டினார்கள். உடம்பு அங்கே ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது: இருக்கிற கொழுப்பை எரித்து உயிரைக் காப்பாற்று, உயரத்தைப் பிறகு பார்க்கலாம். வளர்ச்சி ஓமோனுக்குக் கொழுப்பை உருக்கும் வேலையும் இருப்பதால் இது நடக்கிறது.

ஆகவே மெலிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளையின் ஐ.ஜி.எப்.-1 குறைவு என்று ஆய்வுகூட அறிக்கை வந்தால், அது பசியாகவும் இருக்கலாம், சுரப்பிக் கோளாறாகவும் இருக்கலாம். வளர்ச்சி ஓமோனை நேரே அளந்து பார்க்கலாமே என்றால், அது நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை. பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில் அலை அலையாக வருவது. பகலில் எடுத்த ஒரு துளி இரத்தம் எதையும் சொல்லாது. குளோனிடின், குளூக்ககன் போன்ற மருந்தொன்றைக் கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுக்க வேண்டும். வெறுவயிற்றோடு வந்த பிள்ளை அரை நாள் கட்டிலில் கிடக்க வேண்டும். எத்தனை அலகுக்குக் கீழே போனால் குறைபாடு என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறு.

எலும்பின் வயதைப் பார்க்க இடது கையை எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க டொக்டர்கள் இன்றும் திறப்பது 1959இல் வெளியான குறூலிக் - பைல் படநூலை. அதிலுள்ள கைகள் 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் வசதியான வெள்ளைக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுடையவை. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் கை வைக்கும் பிள்ளைக்கும் அவர்களுக்கும் இடையில் என்னென்ன வித்தியாசம் என்று ஒரு பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது.

விலையுயர்ந்த சோதனைகள் தடுமாறுகிற இடத்தில் கிளினிக் கொப்பி கைகொடுக்கிறது. அதில் நிறைக்கு ஒரு படம், உயரத்துக்கு ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். சாப்பாடு போதாத பிள்ளைக்கு முதலில் சரிவது நிறைக்கோடு. உயரக்கோடு பல மாதம் பிடித்து நின்று, பிறகுதான் இறங்கும். ஓமோன் குறைந்த பிள்ளைக்கு உயரக்கோடு தனியாக இறங்கும், நிறை அவ்வளவாக அசையாது. பிள்ளை உருண்டையாகக்கூட இருக்கும். கன்னம் உப்பி, வயதுக்கு மிஞ்சிய குழந்தை முகத்தோடு. மெலிந்த பிள்ளைகளுக்கு நடுவில் கொழுகொழுவென்று ஒரு கட்டைப் பிள்ளை நின்றால் பிள்ளைக் காம்பரா ஆயா சந்தோஷப்படுவார். ஓமோன் படித்த டொக்டருக்கு அந்தப் பிள்ளைதான் உறுத்தும்.

ஆனால் கோடு சரியாக இருக்க வேண்டுமானால் புள்ளி சரியாக இருக்க வேண்டும். நாலு வயதுக்கும் பூப்பு வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் வளரும். மூன்று மாதத்தில் ஒன்றேகாலோ ஒன்றரையோ. முதல் தடவை அளந்தவர் அரை சென்ரிமீற்றர் கூட்டியும், அடுத்த தடவை அளந்தவர் அரை சென்ரிமீற்றர் குறைத்தும் எழுதினால் வளர்ச்சியில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். குதிகால், புட்டம், முதுகு பலகையில் படவேண்டும். பார்வை நேரே, காதுத் துவாரமும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில். எண்ணெய் வைத்துப் பின்னி ரிபன் கட்டி மடித்த இரட்டைச் சடையை அவிழ்க்க வேண்டும். தாய்க்குக் கொஞ்சம் கோபம் வரும். நேரமும் முக்கியம். காலையில் எழும்பியதும் இருக்கும் உயரம், முள்ளந்தண்டின் இடைவட்டுகள் அமுங்குவதால் பின்னேரமாகும்போது ஒரு சென்ரிமீற்றர் வரை குறையும். ஜனவரியில் காலை எட்டு மணிக்கும் ஏப்ரலில் பகல் இரண்டு மணிக்கும் அளந்த பிள்ளை, ஏட்டில் ஏறக்குறைய வளரவே இல்லை.

ஆய்வுப் பயிற்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் நுணுக்குக்காட்டியும் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளின் ஓமோன் நோயைப் பொறுத்தவரை அந்தப் பயிற்சியின் முதல் பாடம் சடையை அவிழ்ப்பதுதான்.

தைரொயிட்டின் கதை வேறு மாதிரி. அது வெற்றிக் கதை, ஆனால் பாதி வழியில் நிற்கிறது. இலங்கையின் ஈரவலயத்தில் கழுத்துக் கழலை பழைய நோய். ஆய்வாளர் டக்மார் வில்சன் 1954இல் அதைப் பற்றி எழுதினார். 1960களில் கே. மகாதேவா குழுவினர் மேலும் ஆராய்ந்தார்கள். 1980களில் பதினேழு மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது 18.8 வீதத்தினருக்குக் கழலை இருந்தது. 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். இந்தியாவிலும் இதே பாதைதான்: குன்னூரிலிருந்த போசாக்கு ஆய்வுகூடத்தில் வேலை பழகிய வி. ராமலிங்கசுவாமி, இமயமலையடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் 1950களில் தொடங்கிய ஆய்வில் அயடின் உப்பைக் கொடுத்துக் கழலை குறைவதை நிரூபித்தார். தேயிலை மலையில் பழகியவர் இன்னொரு மலைக்குப் போய்ச் செய்த வேலை அது.

உப்பால் தீராதது, பிறக்கும்போதே தைரொயிட் சுரப்பி இல்லாமலோ வேலை செய்யாமலோ இருக்கும் குறை. உலகில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. பிறந்தவுடன் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நல்ல குழந்தை, நன்றாகத் தூங்கும், அழுவது குறைவு. "தொந்தரவில்லாத பிள்ளை" என்று பாட்டி புகழ்வார். சில மாதங்களில் மூளையின் வளர்ச்சி பின்தங்கும், பிறகு திருப்ப முடியாது. இரண்டு கிழமைக்குள் தைரொட்சின் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பாடசாலை போகும். மாத்திரையோ மலிவு. குதிகாலில் ஊசியால் குத்தி, வடிதாளில் ஒரு துளி இரத்தத்தை உலர்த்தி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் முறை இலங்கையில் 2010இல் காலியில் றுகுணு பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலிருந்து தென்மாகாணத்துக்குத் தொடங்கி, பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் போனது.

காகிதத்தில் உலர்ந்த துளி பதுளையிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போகும். விடை திரும்பி வந்து குழந்தையைப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் குழந்தைக்குப் பெயர் இல்லை. தாளில் "புஷ்பராணியின் பிள்ளை" என்று இருக்கும். ஒரு தோட்டத்திலேயே எத்தனை புஷ்பராணி! விலாசம் என்றால் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர். லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கமும் தபாலும் இல்லாத குறை மலையகத்தில் தலைமுறைக்கணக்கில் பேசப்படுவது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேரும். இதற்குமேல், பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய்வீட்டுக்குப் போவாள். தாளில் இருப்பது புருஷன் ஊரான மடுல்சீமை. குழந்தை இருப்பது அப்புத்தளைப் பக்கம். இரண்டு கிழமை என்ற கெடு இந்தப் பயணத்திலேயே கரையும். கைத்தொலைபேசி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல், இலக்கத்தைச் சரியாக எழுதியிருந்தால்.

குத்திய நாளிலிருந்து முதல் மாத்திரை வாய்க்குள் போகும் நாள்வரை எத்தனை நாள், அதில் எந்தப் படியில் எத்தனை நாள் வீணாகிறது? இது ஓர் ஆய்வுக் கேள்வி. சுரப்பியைப் பற்றிய அறிவும், தோட்டத்தைப் பற்றிய அறிவும், எண்களைக் கையாளத் தெரிந்த அறிவும் ஒரே தலைக்குள் இருந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றும்.

அந்தத் தலை எப்படி உருவாகிறது? இலங்கையில் பாதை நீளமானது. எம்.பி.பி.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சி முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் சிறுவர் மருத்துவத்துக்கான எம்.டி. அதன் பிறகு சிரேஷ்ட பதிவாளராக ஓமோன் துறையில் பயிற்சி. அதில் ஒரு பகுதி உள்நாட்டில், ஒரு பகுதி பெரும்பாலும் பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ. இடையில் ஓர் ஆய்வும் செய்து எழுத வேண்டும். உள்நாட்டுப் பயிற்சி என்றால் 1895இல் தொடங்கிய கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்கள். அங்கே வருவது ஏற்கெனவே யாரோ சந்தேகப்பட்டு அனுப்பிய பிள்ளைகள். சந்தேகமே வராத பிள்ளைகளைப் பற்றி அங்கிருந்து ஆராய முடியாது. இது அந்த வைத்தியசாலையின் குற்றமல்ல, அது இருக்கிற இடத்தின் இயல்பு.

வெளியில் வாசல்கள் உண்டு. தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1962இல் தொடங்கிய ஐரோப்பியச் சிறுவர் அகஞ்சுரப்பியியல் சங்கம் இளம் டொக்டர்களுக்கு ஆய்வு உதவித்தொகையும், சிறந்த நிலையங்களில் சில மாதம் இருந்து பழக மருத்துவ உதவித்தொகையும் கொடுக்கிறது. அதன் இணையப் பாடங்கள் இலவசம். வசதி குறைந்த நாடுகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஆசிய பசிபிக் சங்கம் பயிலுநர்களுக்கு முகாம் நடத்துகிறது. இந்தியச் சங்கமும் அப்படியே. சிறுவர் நீரிழிவுக்கான சர்வதேசச் சங்கத்தின் 'விஞ்ஞானப் பாடசாலை'யில் ஆய்வுத் திட்டம் எழுதுவது எப்படி என்பதையே பாடமாக வைத்திருக்கிறார்கள். இவற்றின் உண்மையான பயன் விரிவுரைகளில் இல்லை. நீங்கள் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்கத் திட்டத்தை அனுபவசாலி ஒருவர் எல்லோர் முன்னாலும் கிழித்துப் போடுவார். "உன் ஒப்பீட்டுக் குழு எங்கே? யார் அளந்தது? எத்தனை பேர் இடையில் நின்றுபோனார்கள்?" அந்த ஒரு மணித்தியாலம்தான் பயிற்சி.

இந்த வாசல்களில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏறக்குறைய எல்லாமே டொக்டரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோகின்றன. லண்டனில் பழகுவது லண்டன் பிள்ளைகளின் கேள்விகளை. திரும்பி வருபவர் பெரிய நகரத்தில் அமர்கிறார், சிலர் திரும்புவதுமில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன டொக்டர்களின் வரிசையை எல்லோரும் பார்த்தோம்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்று ஆபிரிக்கா காட்டியிருக்கிறது. 2008இல் நைரோபியிலும் 2012இல் லாகோஸிலும், ஆபிரிக்க டொக்டர்களுக்கென்று சிறுவர் ஓமோன் பயிற்சி நிலையங்களைத் தொடங்கினார்கள். ஐரோப்பியச் சங்கம் ஆசிரியர்களை அங்கே அனுப்பியது. பயிற்சி பதினெட்டு மாதம். நடுவில் பயிலுநர் சொந்த நாட்டுக்குத் திரும்பி, தன்னுடைய ஆஸ்பத்திரியில், தன்னுடைய நோயாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். பிறகு திரும்பிப் போய் அதை எழுதி முடிக்க வேண்டும். ஆசிரியர் பறந்து வருகிறார், மாணவர் ஊரோடு இருக்கிறார். ஊவாவுக்குப் பொருந்துகிற அச்சு இதுதான் என்பது என் எண்ணம்.

ஊரோடு இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு எக்குவடோரின் லோகா மலைப்பகுதி ஒரு சாட்சி. 1966இல் இஸ்ரேலில் சுவி லாரன் குழுவினர் ஒரு வினோதத்தை எழுதியிருந்தார்கள்: பிள்ளைகள் மிகவும் குள்ளம், ஆனால் வளர்ச்சி ஓமோன் நிறைய இருக்கிறது. பசித்த பிள்ளையின் இரத்தம்போலவே இருக்கும், பசியோ காரணமில்லை. ஓமோனை வாங்கும் ஏற்பி பழுது. ஹைமே கெவாரா அகீரே என்ற எக்குவடோர் டொக்டர் தன் நாட்டின் மலைக் கிராமங்களில் இதே மாதிரி ஏறத்தாழ நூறு பேரைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு விடாமல் இருபது வருடத்துக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார். 2011இல் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: அவர்களில் ஒருவருக்கும் நீரிழிவு இல்லை, புற்றுநோய் வந்தவர் ஒரே ஒருவர். அவர்களுடைய சாதாரண உயர உறவினர்களில் புற்றுநோய் 17 வீதம். முதுமையையும் புற்றுநோயையும் ஆராய்கிறவர்கள் இன்றும் அந்த மலைக்கிராமங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். கெவாரா அகீரே நாட்டை விட்டுப் போயிருந்தால் அந்த நூறு பேரும் 'மலையில் வாழும் கட்டை மனிதர்கள்' என்ற அளவோடு போயிருப்பார்கள்.

நம்மவர்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் வேலூர். மெலிந்த இளைஞர்களுக்கு வரும் ஒரு நீரிழிவை 1955இலேயே ஜமைக்காவில் கவனித்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தனி வகையாகச் சேர்த்தது. ஆதாரம் போதாதென்று 1999இல் நீக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிஹால் தோமஸும் நியூயோர்க்கில் மெரடித் ஹோக்கின்ஸும் சேர்ந்து செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நோயாளர்களுக்கு இன்சுலின் சுரப்பதுதான் குறைவு, உடம்பு இன்சுலினுக்கு நன்றாகவே பணிகிறது என்று காட்டியது. இவர்களை முதலாம் வகை என்று நினைத்துத் தாராளமாக இன்சுலின் போட்டால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். 2025 ஏப்ரலில் பாங்கொக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. நிறை குறைந்து பிறந்து மெலிந்தே வளர்கிறவர்கள் நிறைந்த தோட்டப்புறத்தில், முதலாம் வகை என்ற சீட்டோடு ஊசி போட்டுக்கொண்டிருக்கிற பதினெட்டு வயதுப் பையன்களை இன்னொரு முறை பார்க்க வேண்டியது யாருடைய வேலை?

பதுளையில் எம்.டி. பயிற்சியில் இருக்கும் ஒருவர் ஒன்பது மாதத்தில் செய்யக்கூடியது ஏராளம். பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலுள்ள கிளினிக் கொப்பிகளை எடுத்து, உயரம் சரிந்தும் நிறை சரியாத பிள்ளைகளை மட்டும் பிரித்து, அந்தச் சிறு கூட்டத்துக்குத் தைரொயிட் சோதனை செய்தால் எத்தனை பேர் அகப்படுவார்கள்? 3,200 பேரை எத்தனையாகச் சுருக்கலாம்? குதிகால் துளியின் பயணத்தை நாள் நாளாகக் குறித்தால் எங்கே அடைபடுகிறது? இந்த இரண்டுக்கும் வேண்டியது ஒரு நல்ல அளவுகோல், ஒரு கணினி, கொழும்பிலோ வேலூரிலோ வெளிநாட்டிலோ மாதம் ஒருமுறை இணையத்தில் உட்கார்ந்து திட்டத்தைக் கிழிக்கக்கூடிய ஒரு வழிகாட்டி, தமிழில் தாயோடு பேசத் தெரிந்த ஓர் ஆள். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் முதல் மூன்றும் வீண். "அம்மா, நீங்க எத்தனை வயசுல பெரிய மனுசியானீங்க?" என்று கேட்டுத்தான் பிள்ளையின் தாமத வளர்ச்சி குடும்ப வழக்கமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பாளரான ஓர் ஆண் சிற்றூழியரை இடையில் வைத்துக் கேட்டால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கே இரண்டு மாதம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு தோட்டத்தில் தாய்மார் கேட்கப்போவது இரண்டே கேள்வி: எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க, அன்றைக்குப் பேர் விழுமா? முதலாவதற்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்று காட்டிவிடலாம். இரண்டாவதற்கு அன்பான வார்த்தை உதவாது. கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குச் செக்ரோல் எனும் வரவேட்டில் பேர் இல்லை, அதற்கான சம்பளமும் இல்லை; கிளினிக்கில் பாதி நாள் போனால் அரைப் பேர். ஆய்வுக்குக் காசு கேட்டு எழுதும் வரவு செலவுப் பட்டியலில் அந்த ஒரு நாள் பேருக்கும் பஸ் காசுக்கும் ஒரு வரி இருந்தால், ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவை அளக்கவும் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்.